இருபத்தாறு பேர் அடித்த ஒரு கோல்

1936 பெப்ரவரி 3, திங்கள்

இன்று பந்து தேங்காய்ப்பால் சொதிக்குள் விழுந்தது. இந்த வருடத்தில் இரண்டாம் தரம். போடிங்கில் தங்கிப் படிக்கிற பெடியள் எழுபது பேருக்குரிய பெரிய பானை. அப்பா அகப்பையால் பந்தைத் தூக்கி, யன்னலால் மைதானத்துக்கு எறிந்துவிட்டு, சொதியை ஒரு கிண்டு கிண்டினார். "மஞ்சள் பிடிச்சிருக்கு. இனிப் பந்து பழுதாகாது."

புதுக் கொப்பி என்பதால் ஒழுங்காகத் தொடங்குகிறேன். நான் அற்புதராணி. வயது பதினைந்து. அப்பா சிமியோன், புனித கிளெமெந்து ஆண்கள் கல்லூரியின் குசினிக்காரர். அம்மா செபஸ்தியம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கிய வருடம் நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டேன். அன்றிலிருந்து இங்கே தேங்காய் துருவுகிறேன். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. வாய்க்கு வருமுன் சொல் உடைந்துவிடும்.

மத்தியானம் வின்சன்ற் மாஸ்ரர் குசினி யன்னலுக்கு வந்தார். நான் மாப்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"சிமியோன், உந்தப் பலகையிலை சாப்பாட்டு விபரம் எழுதுறது ஆர்?"

"என்ரை பிள்ளை, மாஸ்ரர். ஏன், பிழையோ?"

"பிழையில்லை. அதுதானப்பா அதிசயம்."

மாஸ்ரர் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் எழுதுகிறாராம். அச்சுக்கூடத்துக்காரர் அவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, எறும்பு ஊர்ந்த கடதாசியை அச்சடிக்க ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வடிவாகப் பிரதிபண்ண ஆள் வேண்டும்.

நான் பெட்டிக்குப் பின்னாலேயே இருந்தேன். அப்பா எனக்காக ஓம் சொல்லிவிட்டார்.

பெப்ரவரி 5

அரிசி மூட்டை அறையில் எனக்கு ஒரு மேசை, கதிரை, மைக்கூடு. பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. ஏப்ரல் 25ஆம் திகதி விழா. அதற்குள் புத்தகம் வெளிவர வேண்டும்.

வின்சன்ற் மாஸ்ரர் கணக்குப் படிப்பிக்கிறவர், கால்பந்தடி பழக்குகிறவரும் அவர்தான். அதனால் சரித்திரத்தில் முதல் நான்கு பக்கம் ஓலைக் கொட்டில், வாந்திபேதி, இரண்டு சுவாமிமாரின் மரணம். மிச்சம் முப்பது பக்கமும் பந்தடி.

"1911: தோல்வி. காற்று எதிர்த்திசை.
1912: தோல்வி. இடைவேளையில் பக்கம் மாறினோம், காற்றும் மாறிற்று.
1919: எதிரணி வரவில்லை. சமநிலை.
1927: தோல்வி. ஆயினும் தோற்றபின் நாம் கைகொடுத்த விதம் பலராலும் புகழப்பட்டது."

ஐம்பது வருடத்தில் ஒரே ஒரு கிண்ணம். 1904. அந்தக் கதை எங்கள் கரையூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். துறைக்கு வெளியே நங்கூரம் போட்ட ஆங்கிலக் கப்பலின் மாலுமிகளை எங்கள் பெடியள் சப்பாத்தில்லாமல் ஆடி, ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். கப்பித்தான் அழுதுகொண்டே கிண்ணத்தைக் கொடுத்தான்.

கிண்ணம் மண்டபத்தில் சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு மட்சுக்கு முன்னும் பெடியள் அதற்குள் மெழுகுதிரி கொளுத்துவார்கள். முப்பத்திரண்டு வருட மெழுகு வழிந்து, புகை படிந்து, இப்போது அது கறையான் புற்றுப்போல இருக்கிறது. சுரண்டினால் தோற்றுப்போவோம் என்று ஒருவரும் தொடுவதில்லை.

சுரண்டாமலும் தோற்கிறோம்.

பெப்ரவரி 8

பெருவிரலில் மை. புட்டிலும் மை. பெடியள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள்.

பெப்ரவரி 12

1904ஆம் ஆண்டு ஆடியவர்கள் யார் என்று பள்ளிக்கூடத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. ஆகவே மாஸ்ரர் பழைய மாணவர்களுக்குக் கடிதம் போட்டிருந்தார். பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றையும் நான் சேர்த்து எழுத வேண்டும்.

முதல் கடிதம் இணுவிலிலிருந்து, வழக்குப் பேசுகிற பொன்னம்பலம் புறக்டர். "இணுவில் கந்தசுவாமி அறிய எழுதுகிறேன், அந்த ஒரே கோலை அடித்தவன் அடியேன்." அன்றைக்குக் கொட்டும் மழையாம்.

இரண்டாவது அரியாலையிலிருந்து, ஸ்ரேசன் மாஸ்ரராயிருந்து ஓய்வெடுத்த கனகரத்தினம். ஒரே கோலை அவர்தான் அடித்தார். வெய்யிலில் புல் கருகிக் கிடந்ததாம்.

பெப்ரவரி 17

ஒன்பது கடிதம். ஒன்பது பேரும் அந்த ஒரு கோலை அடித்திருக்கிறார்கள்.

மாஸ்ரரிடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது பீரிசில் ஒரு கடதாசித் துண்டு வைத்தேன். "ஐயா, ஒன்றுக்குப் பூச்சியமா? ஒன்பதுக்குப் பூச்சியமா?"

வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "எல்லாம் பெரிய மனுசர், பிள்ளை. ஆரின்ரை மனத்தை நோகப்பண்ணுறது? அப்பிடியே எழுது. வாசிக்கிறவன் தன்ரை பக்கத்தைத்தான் வாசிப்பான்."

பெப்ரவரி 26, விபூதிப் புதன்

தபசுகாலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு இருந்து எழுதினேன். இன்றோடு இருபத்தாறு.

விழாவன்று 1904ஆம் ஆண்டு அணியை மேடையில் இருத்தி மாலை போடுவதாக பள்ளிக்கூடத்தை நடத்துகிற றெக்ரர் சுவாமி முன்னமே சொல்லிவிட்டார். வின்சன்ற் மாஸ்ரர் யன்னலில் சாய்ந்துகொண்டு அப்பாவுக்குச் சொல்கிறார்: "பதினொரு பேரிலை இருபத்தாறு பேர் உயிரோடை இருக்கினம், சிமியோன். கதிரை காணாது."

அப்பா சிரிக்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. அந்த மட்சில் கோல் காத்தவர் என் அப்பா. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது, தாய் தகப்பன் இல்லாமல் போடிங்கில் வளர்ந்தவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். பந்து வருகிறது, மாலுமி ஒருவன் யானை மாதிரி ஓடி வருகிறான், அப்பா நெஞ்சால் தடுக்கிறார்.

இருபத்தாறு கடிதத்திலும் கோல் காத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்கு மாஸ்ரர் கடிதம் போடவும் இல்லை. ஏன் போடுகிறார்? யன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்குத் தபாலா?

மார்ச் 2

அம்மாவிடம் சொன்னேன், அப்பாவும் மேடையில் இருக்கவேண்டும் என்று.

"இருத்தலாம்," என்றாள் அம்மா. "இருநூறு பேருக்குச் சோறு ஆர் வடிக்கிறது? சூசையப்பரோ?"

மார்ச் 7

செய்துவிட்டேன். பிரதியில் ஒரு வரி கூடச் சேர்த்தேன்: "கோல் காத்தவர் திரு. ம. சிமியோன்." மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் வடிவாகவே வந்துவிட்டது. இது பாவமா? உண்மையைத்தானே எழுதினேன். எழுதச் சொல்லாத உண்மை.

மார்ச் 11

பிடிபட்டேன்.

"உந்த வரியை ஆர் எழுதச் சொன்னது?" மாஸ்ரர் சத்தம் போடவில்லை. அதுதான் கூடப் பயம். அப்பா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார்.

மாஸ்ரர் நியாயமானவர். வெட்டவில்லை. "அணியிலை ரண்டு பேர் ஓமெண்டு எழுதட்டும். விடுறன்." இருபத்தாறு பேருக்கும் தபாலட்டை போட்டிருக்கிறார்.

மார்ச் 21

பதில்கள்.

பொன்னம்பலம் புறக்டர்: "கோல் காவலுக்கு ஒருவர் தேவைப்படவில்லை. பந்து எங்கள் பக்கம் வரவே இல்லை."

கனகரத்தினம்: "கோல் காத்தவர் மட்சுக்கு முன்னரே சாப்பாட்டுக்குப் போய்விட்டதாக நினைவு."

கொழும்பிலிருந்து சங்கிலித்தாம் என்ற ஒருவர்: "எங்கள் கோலைக் காத்தவர் புனித அந்தோனியார்."

மாஸ்ரர் அப்பாவின் வரியை வெட்டினார். நான் முன்னால் நிற்கத்தான் வெட்டினார். பேனை கடதாசியில் கீறுகிற சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

அப்பாவுக்குச் சொன்னேன். "அந்தோனியாரோ? அவரோடை என்னெண்டு போட்டி போடுறது" என்றார். பிறகு உப்பில்லாமல் குழம்பு வைத்தார். குசினிக்கு வந்த இருபத்தெட்டு வருடத்தில் முதல் தரம்.

ஏப்ரல் 4

அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. "கோ" அடுக்குகிற ஈய எழுத்து முடிந்துவிட்டதாம். இருபத்தாறு பேர் கோல் அடித்தால் எப்படிக் காணும்? புது எழுத்து வரும்வரை வேலை நிற்கும். புத்தகம் விழாவுக்கு வராது.

மாஸ்ரருக்குக் காய்ச்சல்.

ஏப்ரல் 15, புதன்

உயிர்த்த ஞாயிறு முடிந்து மூன்றாம் நாள். விழாவுக்குப் பத்து நாள். மேடையில் கறையான் புற்றை வைக்க ஏலாது என்று றெக்ரர் சுவாமியே கிண்ணத்தைத் துப்புரவாக்கச் சொல்லிவிட்டார். ஒரு பெடியனும் தொடமாட்டேன் என்றான். குசினிக்கு வந்தது. எங்களுக்கு என்ன, நாங்கள் மட்சா ஆடுகிறோம்?

சுடுதண்ணியில் போட்டு மெழுகை உருக்கினேன். பழப்புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். முதலில் ஒரு பூமாலை வந்தது. பிறகு 1904. பிறகு ஆங்கில எழுத்து.

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது மடத்துப் பாலர் புத்தகம் மட்டும். ஆனால் இந்த மூன்று எழுத்தும் அந்தப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில் இருந்தன. மேலே படம். நாலு கால், வால், கொம்பு.

இன்னும் தேய்த்தேன். எழுத்துப் போகவில்லை. எழுத்துக்குக் கீழே செதுக்கியிருந்த மாடும் வந்துவிட்டது.

ஏப்ரல் 16

அப்பாவுக்குக் காட்டினேன். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லூசியா," என்றார்.

"ஆர் லூசியா?"

"பள்ளிக்கூடத்து மாடு. நான்தான் பார்த்தனான். சாப்பாடும் படிப்பும் தந்ததுக்கு மாடு பார்க்கவேணும் எண்டு அப்ப இருந்த சுவாமி சொன்னவர். துரைமார் கண்காட்சி வைச்சவங்கள். நான் அவளைக் குளிப்பாட்டி, நடத்திக் கூட்டிக்கொண்டு போனன். முதலாம் பரிசு."

"கப்பல்?"

"கப்பல் அந்த வருசம் வந்ததுதான். மாலுமியள் கரைக்கு வந்து வெங்காயம் வாங்கினவங்கள்."

"மட்ச்?"

அப்பா அடுப்பை ஊதினார். எரிந்துகொண்டிருந்த அடுப்பு.

"கிண்ணத்தை ஆரோ பந்தடிப் படத்துக்குப் பக்கத்திலை வைச்சிட்டினம். பிறகு ஒருத்தர் கோல் அடிச்சனான் எண்டார். பிறகு இன்னொருத்தர். நானும் நிண்டு கேட்பன், பிள்ளை. ஒருத்தரும் கோலுக்கை நிண்டதாச் சொல்லேல்லை. இடம் வெறுமையாக் கிடந்துது. நான் போய் நிண்டிட்டன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"பந்து பட்ட நோ இப்பவும் இருக்கு, ராணி. மாரிக்குக் கூடும்."

பிறகு சொன்னார்: "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. மாடு பிடிச்சவன் எண்டு சொல்லுறதிலும் பார்க்கக் குசினிக்காரனாவே இருக்கிறன்."

ஏப்ரல் 17

என்ன செய்ய? சொல்லாதை எண்டு அப்பா சொல்லிப்போட்டார். சொல்லாட்டி இருபத்தாறு பேர் மாலை போட்டுக்கொண்டு இருக்கப்போகினம், உண்மையாப் பரிசு வெண்டு வந்த ஆள் அவையளுக்குச் சோறு போடப்போறார். அதையும் நான்தான் என்ரை கையாலை எழுதிக் குடுத்திருக்கிறன். சொன்னால்? அப்பா கோல் காத்ததும் பொய்யாப் போயிடும். அந்த நோவும் பொய்யாப் போயிடுமோ? மாதாவே.

ஏப்ரல் 18, சனி

றெக்ரர் சுவாமியிடம் போனேன். கிண்ணத்தைச் சீலைத் துண்டில் சுற்றி, மீன் கொண்டுபோகிறவள் மாதிரி.

சுவாமி பிரெஞ்சு தேசத்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அவர் கதைக்கும்போது எனக்கு வேதாகமம் எழும்பி நடப்பது போல இருக்கும். பூதக்கண்ணாடியால் கிண்ணத்தைப் பார்த்தார். தாடி நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு.

"மகளே, இருபத்தாறு கனவான்கள் பொய்யுரைத்தனரோ?"

கடதாசித் துண்டு எடுத்துவர மறந்துவிட்டேன். வாயால்தான் சொல்லவேண்டும்.

"இல்லை, சுவாமி. எல்லாருக்கும் உண்மையா ஞாபகம் இருக்கு."

"ஆயின், இம்மாட்டை அழைத்துச் சென்றவர் எவர்?"

"அப்பா, சுவாமி. ஆனால் சொல்ல வேண்டாமாம். அவரும் கோல் காத்தது பொய். அதையும் நான்தான் எழுதினனான்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு சொல்லும் உடையவில்லை.

ஏப்ரல் 20

சுவாமி கிண்ணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பழைய சுவாமிமார் பிரெஞ்சில் எழுதி வைத்த தினக்குறிப்பு ஒன்றை அலுமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறார் என்று வின்சன்ற் மாஸ்ரர் சொன்னார். மாஸ்ரருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கதிரை இரவல் வாங்க அலைகிறார்.

ஏப்ரல் 25, சனி

சட்டி பானை இன்னும் கழுவி முடியவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மேடையில் இருபத்தாறு கதிரை. பொன்னம்பலம் புறக்டர் நடுக் கதிரைக்கு விடியவே வந்து இருந்துவிட்டார். கனகரத்தினம் அதுதான் தன்னுடையது என்று பக்கத்திலேயே நின்றார், மாலை போடும்வரை நின்றார். நானும் அம்மாவும் குசினிக் கதவுக்குள் நின்று பார்த்தோம். அப்பா பின்னால் சோற்றுக் கிடாரத்தோடு.

சுவாமி எழுந்தார். "நினைவு என்பது ஆண்டவர் அருளிய கொடை. அவர் அதை அளந்து கொடுப்பதில்லை," என்று தொடங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். "இக்கிண்ணம் கால்களால் வெல்லப்பட்டது. ஆயினும் இருபத்திரண்டு கால்களால் அன்று. நான்கு கால்களால்." கிண்ணத்தைத் திருப்பிப் பிடித்து, எழுத்தை வாசித்தார்.

வின்சன்ற் மாஸ்ரர் மெதுவாகத் தரையில் குந்தினார். பந்து மைதானத்தில் காகம் கத்தியது.

இனி எல்லாம் முடிந்தது, இருபத்தாறு பேரும் எழும்பிப் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பொன்னம்பலம் புறக்டர் எழும்பினார்தான். "ஓம்! அந்த மாடு! இணுவிலிலை எங்கடை வளவிலை பிறந்த மாடெல்லோ!"

"புறக்டர், இரும்," என்றார் கனகரத்தினம். "கயித்தைப் பிடிச்சுக்கொண்டு போனது ஆர்? நான்."

"நீரோ? உமக்கு மாடெண்டால் பயம்!"

"பால் கறந்தது நான்!" என்று பின்வரிசையில் ஒருவர். பிறகு இருபத்தாறு பேரும் எழும்பிவிட்டார்கள். ஒருவர் வைக்கோல் போட்டார். ஒருவர் மணி கட்டினார். கொழும்பிலிருந்து வந்தவர், மாட்டைக் கொண்டுபோனது அந்தோனியார் என்று சொல்லவில்லை, தான் என்றார்.

சுவாமி கையை உயர்த்தினார். "நன்று. அப்பசுவின் நிறம் யாது? அடையாளம் யாது? ஒவ்வொருவராய்க் கூறுக."

வெள்ளை. கறுப்பு. வெள்ளையில் கறுப்பு. நெற்றியில் சந்திரன். "லட்சுமி மாதிரி," என்றார் புறக்டர், நிறம் சொல்லாமல்.

எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. அப்பா. அகப்பையோடு கதவுக்கு வந்துவிட்டார். யாருக்கும் சொல்வதுபோலச் சொல்லவில்லை, தாங்காமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"செவலை. வலக்கொம்பு இல்லை. பனை வடலிக்குள்ளை ஓடி முறிச்சவள்."

சுவாமி பழைய தினக்குறிப்பைத் திறந்து பிரெஞ்சில் ஒரு வரி வாசித்தார். பிறகு தமிழில்: "சிவந்த நிறமும் ஒற்றைக் கொம்பும் உடைய எங்கள் லூசியா, சிறுவன் சிமியோனோடு சென்று, முதற் பரிசு பெற்றுத் திரும்பினாள். சிறுவன் வழிநெடுகப் பாடினான்."

சுவாமி மேடைக்கு வரச் சொல்லிக் கைகாட்டினார். அப்பா அசையவில்லை. அம்மாதான் முதுகில் பிடித்துத் தள்ளினாள். "போங்கோவன். கூப்பிடினமெல்லே."

"சோறு..."

"அதை நாங்கள் பாப்பம்."

கனகரத்தினம் தன் கதிரையை விட்டுக் கொடுத்தார். அவர் நல்ல மனுசன், ஸ்ரேசனில் பழகின குணம். அப்பா சாரத்தோடும் அகப்பையோடும் இருபத்தாறு பேருக்கு நடுவில் இருந்தார். படம் பிடிக்கிறவர் அகப்பையைக் கீழே வைக்கச் சொன்னார். வைக்கவில்லை.

கிடாரத்தை நானும் அம்மாவும் சரித்தோம். சோறு குழைந்துவிட்டது. பெரிய மனுசர் எல்லாரும் களி மாதிரிச் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 27

அப்பா என்னோடு கதைக்கவில்லை. இரண்டு நாள்.

ஏப்ரல் 28

கதைத்தார். "வழிநெடுகப் பாடினதோ? அது எனக்கே மறந்துபோச்சு."

மே 9

மெழுகில்லாத கிண்ணத்தோடு முதல் மட்ச். நாலுக்குப் பூச்சியம், தோல்வி. வின்சன்ற் மாஸ்ரர் கிண்ணத்தைக் குறை சொல்லவில்லை. காற்றைச் சொன்னார்.

மே 30

கோலைப் பற்றி எழுதிய இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் மாட்டைப் பற்றிப் புதுக் கடிதம் எழுதிவிட்டார்கள். மாஸ்ரர் யன்னலால் கடிதக் கட்டை நீட்டினார். "என்ன செய்வம், பிள்ளை?"

"புத்தகம் பெருக்கும், மாஸ்ரர். வேண்டாம்," என்றேன்.

அவர் போன பிறகுதான் யோசித்தேன், மாப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன் என்று.

ஜூன் 16, செவ்வாய்

அச்சுக்கூடத்துக்குப் புது எழுத்து வந்துவிட்டது. சுவாமி லூசியாவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். அப்பா சொல்ல நான் எழுதவேண்டும். பின்னேரம் சட்டி பானை கழுவி முடித்து, அப்பா தலை வாரி, கழுவின சேட்டுப் போட்டுக்கொண்டு அரிசி அறைக்கு வந்தார்.

அவள் எப்படி நடப்பாள், எந்த ஒழுங்கையில் நிற்பாள், கண்காட்சியில் துரை தொட்டபோது எப்படித் தலையைத் திருப்பினாள், எல்லாம் சொன்னார். நன்றாகத்தான் போனது. பிறகு பால்.

முந்தநாள் போடிங் பெடியள் கேட்டபோது லூசியா நாளைக்கு ஆறு போத்தல் கறந்தாள். நேற்று அது பத்து. எனக்கு நினைவிருக்கிறது, பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டேன்.

"பதினாறு போத்தல், பிள்ளை," என்றார் அப்பா.

பேனையைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு செம்பை இறுக்கிப் பிடித்திருப்பதுபோலக் குந்தியிருந்தார், இரண்டு கையும் மெல்ல மேலும் கீழும் போய்வந்தன.

"எழுதிப்போட்டியே?"

"ஓம், அப்பா."

பதினாறு என்றுதான் எழுதியிருக்கிறேன்.